எட்டு

"பையனுக்கு எத்தனை வயது?"
கடைக்காரர் எக்கன்ஷ்விலர் கேட்டார்.
நாற்பத்தாறு என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
"ஆறு வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கிறது,
சரிவரும்" என்றார்.

சீருடைகூட மாற்றாமல் போயிருந்தேன்.
நாலரைக்கு டிப்போவில் எடுத்த ட்ராமை
நண்பகலில் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு
நேரே அங்கே.
என் வேலையில் ஸ்டீயரிங் கிடையாது.
வேகம் என்னுடையது,
திருப்பம் பாசல் நகரத்துடையது.
ஆகவே, தடத்துப் பள்ளத்தில் ஊசி செருகி ஓடும் காரை
அவர் விளக்கத் தொடங்கியபோது
தெரியும் தெரியும் என்றது கட்டைவிரல்.

டிஜிட்டல் பெட்டியை முதலில் திறந்தார்.
ஆறு கார். பொத்தானை அழுத்தினால் தடம் மாறும்.
பெட்ரோல் தீர்ந்ததாகக் கணக்கு வைத்து
தானே மெதுவாகும்.
வீட்டுக்கு வந்துமா, என்று நினைத்தேன்.
விலை நானூற்று எண்பது பிராங்க்.
நான் பார்க்காததுபோல் பார்த்தேன்.

பையிலிருந்து நூலை எடுத்தேன்.
சோபாக் காலிலிருந்து பால்கனிக் கதவு வரை ஒரு நீளம்,
இஸ்திரிப் பலகை நிற்கிற இடத்தில் ஒரு முடிச்சு,
அரிசி மூட்டைக்கு இன்னொன்று.
கடைத் தரையில் விரித்து
இருவரும் முழங்காலில் நின்றோம்.
பெரிய அளவுக் கார்களுக்கு
அரிசியை வெளியேற்ற வேண்டும்.
சின்னது போதும்.

வட்டமா, எட்டா?
வட்டத்தில் உள்தடம் குறுகியது என்றார்,
உள்ளே ஓடுகிறவருக்கே லாபம்.
எட்டில் ஒரு வளைவில் உள்ளே இருப்பவர்
அடுத்த வளைவில் வெளியே.
இருவருக்கும் தூரம் ஒன்று.

எட்டு, என்றேன்.

பில் போடுமுன் ஒரு காரைக் கவிழ்த்துக் காட்டினார்.
வயிற்றில் நகக்கண் அளவு காந்தம்.
"இதுதான் தரையோடு பிடித்து வைக்கிறது.
முதல் மாதம் கழற்றாதீர்கள்."

வீட்டில் அருள்நேசன் உறக்கம்.
மூன்றரைக்கு எழுவார்,
அலுவலகங்கள் துடைப்பார்,
அங்கிருந்தே ரொட்டி ஆலை.
அவர் திரும்பும்போது
நான் எங்கோ மணியடித்துக்கொண்டிருப்பேன்.
தடத்துண்டுகள் பூட்டும் சத்தம் கேட்காமலிருக்க
தலையணைக்கு அடியில் வைத்து
ஒவ்வொன்றாகப் பூட்டினேன்,
களவெடுப்பவள் மாதிரி.

எழுந்து வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை.
சப்பாத்து போட்டபடியே
கதவுக்குப் பக்கத்திலிருந்த கைப்பிடியை எடுத்து
முழுசாக அழுத்தினார்.
நீலக் கார் முதல் வளைவிலேயே பறந்து
குடைகளுக்குள் போய் விழுந்தது.
"பிரேக் எங்கே?"
விரலை எடுப்பதுதான் பிரேக்.
"உனக்கு இது முந்தியே தெரியும்" என்று
குற்றம் சாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் குளிர்பெட்டிக் கதவில்
ரொட்டி உறையைக் கிழித்து எழுதிய தாள்:
பத்துச் சுற்று, எழுபத்தொரு நொடி,
நாலு தரம் விழுந்தது.
கீழே நான் எழுதினேன்:
ஐம்பத்தெட்டு. விழவில்லை.
மறுநாள் அவர்: அறுபத்திரண்டு.
நான்: ஐம்பத்தைந்து.
பொய்யா என்று பார்க்க ஆளில்லாத பந்தயம்.
அவர் பாலத்தின்மேல் நிறுத்திய காரை
நான் தொடுவதில்லை.
சில நாள் தாளில் ஓரமாக:
பருப்பு அடிப்பிடித்தது, மன்னிக்க.

பத்தொன்பதாம் நாள்
என் சிவப்புக் கார் வால் ஆட்டியது.
வளைவில் வழுக்கி, பாலத்தில் சறுக்கி,
சோபாவுக்கு அடியில் போய் நின்றது.
எடுத்துக் கவிழ்த்தேன்.
வயிற்றில் வெறும் குழி.

எழுந்துபோய்ப் பார்த்தேன்.
பசைநாடாவில் இல்லை அந்தத் தாள் இப்போது.
மேல் விளிம்பில், நகக்கண் அளவு.
அதன்கீழே அவர் கையெழுத்தில்
நாற்பத்தெட்டு என்று
வெட்கமே இல்லாமல்.

திருப்பி எடுக்க நீட்டிய கையை
மடக்கிக்கொண்டேன்.
காந்தம் இல்லாமல் இந்த எட்டை எப்படி ஓட்டுவது
என்று பார்க்க
நாலு மணிவரை தரையிலேயே இருந்தேன்.
எழுபத்தாறு.
ஆறு தரம் விழுந்தது.
அப்படியே எழுதினேன்.