தொண்ணூறு வினாடி

வால்டிவியாவில் ஒன்பதாம் நாளாக மழை.
சதுப்பு நிலத்தை மேலிருந்து எடுத்த நானூற்றுப் பதினாறு படங்களை
ஒரே வரைபடமாகத் தைத்துக்கொண்டிருந்த மடிக்கணினி
முந்நூற்று இரண்டாவதில் நின்றுவிட்டது.
சுட்டி அசையவில்லை.
வட்டின் சிறுவிளக்கு மட்டும்
பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் இமைபோல
அடித்துக்கொண்டேயிருந்தது.

நினைவகம் எட்டு ஜிபி. ஸ்வாப் ஒன்றே ஒன்று.

எவ்வளவு வைக்கலாம் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.
கொட்டகையிலிருந்து நனைந்து வந்த கலிக்ஸ்தோ
"அடுப்பருகே எவ்வளவோ, அதுபோல் இரண்டு மடங்கு
வெளியே இருக்கவேண்டும்" என்றார்,
விறகைக் கேட்கிறேன் என்று எண்ணி.

பழைய கணக்கும் அதேதான், இரண்டு மடங்கு.
நினைவகம் ஒரு கைப்பிடியாக இருந்த நாளில் போட்டது.
இப்போது கால்வாசி போதும் என்கிறார்கள் சிலர்.
ஆனால் கணினியை முழுத் தூக்கத்தில் ஆழ்த்த வேண்டுமென்றால்
விழித்திருப்பதெல்லாம் படுக்க இடம் வேண்டுமே,
எட்டாவது வேண்டும்.

பத்து என்று முடிவு செய்தேன்.
காரணம் கேட்டால் விரல்களைக் காட்டுவேன்.

ஒன்பது ஜிபியை எங்கிருந்து வெட்டுவது?
அடுத்த பாகத்தில் நவேலின் பெயரில் ஒரு கோப்புறை,
பதினொன்று ஜிபி: பந்தாட்ட விளையாட்டு, பாதி முடிந்த பாடங்கள்.
அந்தோஃபகஸ்தா சுரங்கத்துக்குப் போய் இரண்டு வருடம்.
பென் டிரைவில் ஏற்றி, மேசை இழுப்பறையில்
பேட்டரிகளோடு போட்டுவைத்தேன்.

பிறகு எல்லைக்கோட்டை இழுத்தேன்,
மூச்சுவிடாமல், இடப்பக்கமாக,
மின்சாரம் போய்விடக்கூடாதே என்று
புனிதர்கள் யாரையும் கூப்பிடாமல்.

மறுபடி உயிர்ப்பித்தபோது
கருந்திரையில் ஒரு நட்சத்திரக்குறி
இப்படியும் அப்படியும் நடந்தது.
பழைய ஸ்வாப்பின் அடையாள எண்ணைத் தேடுகிறது.
அந்த எண்ணில் இப்போது எதுவும் இல்லை.
தொண்ணூறு வினாடி பார்த்துவிட்டு
தானாக மேலே போகும்.

"யாருக்காக நிற்கிறது?" என்றார் கலிக்ஸ்தோ.
"ஒரு வரியை அழித்தால் நிற்காது" என்றேன்.
"தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கட்டுமே."

விறகெடுக்கப் போனபோது பார்த்தேன்:
கொட்டகையில் மூன்றாவது அறைக் கணப்புக்கும் சேர்த்தே
அடுக்கியிருக்கிறார், பட்டை மேல்நோக்கி, ஒழுங்காக.
உள்ளே வந்து
அந்த வரியை நான் தொடவில்லை.

விடியல் நாலரைக்கு வரைபடம் முடிந்தது.
ஸ்வாப்பில் ஆறு நிரம்பியிருந்தது. நாலு சும்மா.
பெரிதாக்கிப் பார்த்தேன்: நாணல், சேறு,
மூழ்கிய வேலியின் கம்பங்கள்.
வடமூலையில், தையல் சற்றே பிசகிய இடத்தில்
கழுத்து கறுத்த ஒரே அன்னம்
இரண்டு முறை நீந்துகிறது.