தண்ணீர்க் கோடு

மலை என்பது நாங்கள் கொடுத்த மரியாதை.
ஏறி இறங்க ஒரு பீடி போதும்.
நெடுங்கேணிக்குத் தெற்கே, பாலைமரங்களுக்குள்
வயிறு கிழிந்து கிடக்கிறது.

உருகிய கல் ஆறியபோது
கடைசியாய் மிஞ்சிய சூட்டுநீர்
வெடிப்புகளில் ஊறி உறைந்ததாம்,
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்.
ஐம்பது கோடி வருசம் என்றார் எஞ்சினியர்.
நாட்கூலி ஏழரை ரூபாய் என்றதும் அவர்தான்.

தொண்ணூறில் வெடிமருந்துக்குத் தடை.
லொறி திரும்பி வரவில்லை, கடைசி மாதச் சம்பளமும்.
வீரகத்தி போட்ட ஏழு துளைகள்
மருந்துக்கு வாய் திறந்தபடி இன்னும்.
குழி நிரம்பியது.
முதலை ஒன்று வந்து, இருந்து, போனது.
சண்டை பிடித்த இரு பகுதியும் முறைவைத்துக் குளித்தது.

மலை மட்டும் வேலையை விடவில்லை.
கிணறு கிணறாய்க் கரைந்து இறங்கி
பால்குடி மறந்த பிள்ளைகளின்
முளைக்காத பல்லில் பழுப்புக் கோடு கீறியது.
சிரிப்பு வந்தால் வாயைப் பொத்துகிற ஊர்.

போன மாசியில்
கடற்கரை மணலுக்குள் ஒரு தாடை.
உடுப்பில்லை, இலக்கத்தகடில்லை.
வீரகத்தியின் பெண்சாதி சிவக்கொழுந்து
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள்.
"எங்கட தண்ணி" என்றாள்.
ஆர் என்று கேட்டார்கள்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.