ரெண்டு ஜாக்கி

பழவூருக்குத் தெற்கே
காற்றாலைக் கண்டெய்னருக்குள் ராத்திரி டூட்டி.
சித்திரை மாசம்.
மேல்காத்து இன்னும் கணவாய் தாண்டவில்லை.
நாற்பத்தோரு மெஷினும் கை விரித்தபடி சும்மா நிற்கின்றன.
காசு வைத்து ஆடக் கூடாதென்று சூப்பர்வைசர் உத்தரவு.
அதனால் வாஷர்.
எட்டு எம்எம், ஆளுக்கு நாற்பது.
விடியும்போது யாரிடம் குறைவோ அவர்
பதினாலாம் நம்பர் கோபுரம் ஏற வேண்டும்.
எண்பது மீட்டர். லிஃப்ட் கிடையாது.

சுயம்பு சீட்டுப் போட்டான், ஆளுக்கு ரெண்டு, கவிழ்த்து.

கையிலேயே ஜோடி விழுந்தால்
சம்பளம் ஏறுமுன்பே பை கனக்கும்.
அங்கேதான் கோளாறு.

ரெண்டு, மூணு, நாலு என்று பொடி ஜோடியென்றால்
எனக்குக் குழப்பமே இல்லை.
மலிவாய் உள்ளே போவேன்.
நடுவில் மூணாவது ஆள் வந்தானா என்று பார்ப்பேன்.
எட்டுத் தடவைக்கு ஒரு தடவை வருவான்.
வராத ஏழு தடவையும்
பணகுடியில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி
பார்த்துவிட்டு இருந்துவிட வேண்டும்.
பின்னாலேயே ஓடக் கூடாது.
மைதீன் ஓடுவான்.
வாரத்தில் நாலு நாள் ஏணியில் அவன்தான்.

ரெண்டு ராஜா, ரெண்டு ஏஸ்,
அதற்கு யார் புத்தியும் வேண்டாம்.
இடையில் இருப்பதுதான் இம்சை.
ஒன்பது. பத்து.
எல்லாவற்றையும்விட ஜாக்கி.

எனக்கு வந்தது அதுதான்.
ஒன்று இஸ்பேட், ஒன்று ஆட்டின்.
ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவர்கள்,
ஆளுக்கு ஒரு கண்தான் காட்டுவார்கள்.
இடுப்புக்குக் கீழே இன்னொரு தலை.
எழுந்து ஓட ஒரு கால் கிடையாது.

ஏத்தினேன், ஆறு வாஷர்.
சும்மா இருந்தால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்,
கூட்டத்தில் ஜாக்கிக்கு மூச்சு முட்டும்.
மைதீன், அதிசயமாய், போட்டுவிட்டான்.
சுயம்பு சீட்டால் கொஞ்சம் விசிறிக்கொண்டு, போட்டான்.
மிக்கேல் ஆறையும் எண்ணி வைத்தான்
ஒவ்வொன்றாக, சத்தம் வராமல்.

நடுவில் விரிந்தது
ஏழு. ராணி. நாலு.

ஜாக்கி வந்த ராத்திரிகளில் பாதிக்கு மேல்
இப்படி ஒரு பெரிய தலை நடுவில் வந்து உட்காரும்.
தெரிந்த கணக்குதான்.
தெரிந்து என்ன செய்ய.
நான்தான் முதலில் பேச வேண்டும் வேறு.
கடைசியில் பேசுகிறவனுக்குப் பாதி வீடு சொந்தம்.

எட்டு வைத்தேன்.
மிக்கேல் தன் குவியல் மொத்தத்தையும்
புறங்கையால் தள்ளினான்.

பொய் சொல்லத் தெரியாதவன் என்று
சைட் முழுக்க அவனுக்குப் பெயர்.
அந்தப் பெயரை எட்டு மாசமாய்ச் சேர்த்து வைத்திருக்கிறான்,
என்றைக்குச் செலவழிப்பான் என்று யாருக்குத் தெரியும்?

ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
ஒற்றைக் கண்கள் ரெண்டும் என் கட்டைவிரலுக்கு அடியில்.
அழகாய் இருக்கிறதென்று
அம்பாசமுத்திரத்து நிச்சயதார்த்த மோதிரத்தை
திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி தாண்டியும்
ரெண்டு வருஷம் போட்டிருந்தவள் நான்.

கவிழ்த்து வைத்தேன்.

அவன் காட்டவில்லை.
தன் ரெண்டையும் கட்டுக்கு நடுவே செருகிவிட்டு
டீ இருக்கா என்றான்.

விடியும்போது மைதீனைவிட எனக்கு மூணு குறைவு.

தனியாய் ஏறக் கூடாதென்பது விதி.
கேட்காமலே பெல்ட் மாட்டிக்கொண்டு
எனக்குப் பின்னால் வந்தது மிக்கேல்.
பாதி உயரத் தட்டில் மூச்சு வாங்கியபோது கேட்டேன்:
"ராணி வச்சிருந்தியா?"
"பாக்கணும்னா துட்டு கட்டிப் பாத்திருக்கணும், கோமு."

மேல்மூடியைத் திறந்தால் மகேந்திரகிரி,
முழங்கால் வரை மேகம்.
காற்றுமானியின் பட்டை ஆடிக்கொண்டிருந்தது,
வாஷர் ஒன்று எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது.
மேலே எடுத்து வரவும் மறந்துபோனேன்.
மிக்கேல் சட்டைப் பையைத் துழாவி
என்னுடையதில் ஒன்றை எடுத்துக் கோத்துப் பூட்டினான்.

மூணு கிண்ணமும்
கொஞ்ச நேரம் அசையவில்லை.