மேட்டைப் பார்த்த வண்டி

பதினெட்டுக்கு இன்னும் பதினான்கு மாதம்.
அதைச் சாவிக்கு யார் சொல்வது?
நகைக்கடைக் காலண்டர் தொங்கும் அதே ஆணியில்
அதுவும் தொங்குகிறது,
அண்ணனின் குறட்டைக்கு ஒரு முழம் மேலே.

வகுப்பில் ரிஷாந்தன் ஓட்டுகிறான்.
மாமாவின் பட்டா லொறியில் மரக்கறி ஏற்றி
மஸ்கெலியா வரைக்கும் போனேன் என்பான்,
அந்த வரைக்கும்-ஐ இழுத்து.
கீழ்ப் பிரிவுப் பொடியன்கள் எல்லாம்
பதினைந்தில் ஓட்டினவர்கள்தான்.
பெண்பிள்ளை ஒருத்தி ஓட்டினதாக
இதுவரை யாரும் பொய்கூடச் சொன்னதில்லை.

ஆறு இரவு படுத்தபடியே ஒத்திகை பார்த்தேன்.
பிரேக்கை விட்டால் தானே உருளும்.
எங்கள் லயத்து வாசல் அப்படி,
கிழங்கு கைதவறினால்
கோயில் முடக்கில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.
எஞ்சின் வேண்டாம். சத்தம் வேண்டாம்.
நியூட்ரல் போதும்.

ஏழாம் இரவு, நாலு மணி.
தார்ப்பாய் மட்டும் குளிரில் விறைத்து
மடிக்க மடிக்க முறுமுறுத்தது.
யாரோ இருமினார்கள்.
லயத்தில் எப்போதும் யாராவது இருமுவார்கள்.

பிறகு
சக்கரம்.
ஈரத் தாரில் அது போடும் சின்னச் சத்தம்,
நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுப்பதுபோல.
ஹேண்டில் என் கைக்குள்
கயிறு பழகாத கன்று.
பதினாறு வருடம் நடந்து இறங்கிய பாதை
ஒன்றரை நிமிடம்தான் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
சிரித்தேன். சத்தமாக.

கோயில் முடக்கில் பனி
கதவைச் சாத்தி வைத்திருந்தது.
விளக்கைப் போட்டேன், வெள்ளை இன்னும் வெள்ளையானது.
பிரேக் எந்தக் காலில் என்று கால் யோசித்த நேரத்தில்
முன்சக்கரம் கானுக்குள் இறங்கி உட்கார்ந்தது,
பஸ்ஸில் சீட் கிடைத்தவர்போல நிதானமாக.
அதற்கப்பால் இரண்டு அடி.
அதற்கும் அப்பால் ஆற்றின் சத்தம் மட்டும்.

ரிவர்ஸ் எந்தக் கம்பி?
ஆறு இரவு ஒத்திகையில்
திரும்பி வரும் பகுதி இல்லை.

விட்டுவிட்டு ஓடலாம்.
மாதம் இருபத்தோராயிரம் லீசிங்,
இன்னும் முப்பத்தொரு மாதம்.
அதை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?
பின்சீட்டில் பயணிபோல உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் கூடையும் படங்குமாய்ப்
பிரட்டுக்குப் போகிறவர்கள்
பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராய் வந்தார்கள்.
லெச்சுமணி. புஸ்பகாந்தி. செவனம்மா.
நாலாவது அம்மா.

அம்மா என்னைப் பார்க்கவில்லை,
சக்கரத்தைப் பார்த்தாள்.
கூடையை இறக்கினாள்.
பின்னால் வந்த மூவரும் சேர்ந்து
ஏழு கூடை வரிசையாய்ப் பாதையோரம்.
எங்கே பிடிப்பதென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.
இருவர் மட்கார்டில், ஒருத்தி கண்ணாடிக்குக் கீழே,
அம்மா கானுக்குள் இறங்கித் தோளை முட்டுக்கொடுத்தாள்.
"போன தடவை மாதிரி இடப்பக்கம் சாய்க்காதீங்க"
என்றாள் செவனம்மா.
"போன தடவை அந்தப் பய உள்ளேயே இருந்தான், அதான் கனம்"
என்றாள் புஸ்பகாந்தி.

போன தடவை!
துரைசாமி மாமாவின் பழைய சிவப்பு ஆட்டோ,
ஒரு தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
முன்கண்ணாடி உடைந்து நின்றது.
மாடு முட்டியது என்றார்கள்.
அண்ணனுக்கு அப்போது,
வண்டியைத் தள்ளியபடியே கழித்துப் பார்த்தேன்,
பதினாறு.

ஏற்றம் முழுக்கத் தள்ளினோம்.
கணக்கப்பிள்ளை அன்றைக்கு
ஏழு பேருக்கும் அரைப்பேர் போட்டார்.

அண்ணன் எழுந்து சேற்றைத் துடைத்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை,
ராத்திரி தோளுக்கு சித்தாலேப தேய்க்க
என்னைக் கூப்பிட்டபோதும்.

சாவி அதே ஆணியில்தான்.
ஒன்றுதான் மாறியிருக்கிறது.
இப்போதெல்லாம் அவன் வண்டியை
மேட்டைப் பார்க்க நிறுத்துகிறான்,
பின்சக்கரத்துக்கு ஒரு கருங்கல் வைத்து.

நேற்று அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்தேன்.
பெரிய கனமொன்றும் இல்லை.
வைத்துவிட்டேன்,
இருந்த இடத்திலேயே,
கொஞ்சம் நெருக்கி.