பெயர் போடாமல்

முதல் நாள் பாடம் எடுக்கவில்லை.
"என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?
பெயர் போடாமல் எழுதுங்கள்" என்றேன்.
"எத்தன மார்க்குங் மேடம்?" என்றது
கடைசி பெஞ்ச்.

பல்லடத்தில் தனியார் பஸ் ஏறி
ஜன்னலோரம் பிரிக்கிறேன்
ஐம்பத்தெட்டுச் சீட்டுகளை.
முன்னால் கறிக்கோழி லாரி.
இறகொன்று வந்து மடியில் விழுகிறது.

நோட்ஸ் குடுத்துருங்க.
முக்கியமான கேள்வி பத்து சொல்லிருங்க.
நோட்ஸ்.
நோட்ஸ், தமிழ்லயும்.

ஒருத்தி நாலு பக்கமும் கோடு போட்டு
பதிவெண் எழுதி
'முன்னுரை' என்று தொடங்கியிருக்கிறாள்.
நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியாக இருக்கும்;
விடியற்காலை ஐந்துக்குத் தேர்வெழுதிய கை.
பெயரை எழுதி, அடித்து,
மனசு கேட்காமல் மறுபடி எழுதியிருக்கிறாள்:
ச. கோகிலவாணி.

காரணம்பேட்டை.
தறிச் சத்தம் ஜன்னல் கம்பியில் ஏறி இறங்குகிறது.
பனியன் கம்பெனி பில்லின் பின்பக்கத்தில் ஒரு பையன்:
நைட் ஷிப்ட் போறனுங்.
மொத பீரியட்ல தூங்குனா எழுப்பி உடுங்க,
வெளிய மட்டும் அனுப்பாதீங்க.

இன்டர்னல் மார்க் ஆள் பாத்துப் போடுவீங்களா,
என்று ஒன்று.
அதை இரண்டு முறை படித்தேன்.

அப்புறம் இது, பென்சிலில், எழுத்து தேய்ந்து:
திருத்துன பேப்பரத் திருப்பிக் குடுங்க.
எத்தனைன்னு எப்பவும் தெரியும்.
எங்கன்னு தெரிஞ்சதில்ல.

கட்டிலுக்கடியில் கிடக்கிறது
போன பருவத்துக் கட்டு,
ரப்பர் பேண்ட் இளகி, தாளோடு ஒட்டி.
மதிப்பெண் ஏற்றியாயிற்று,
இனி யார் கேட்பார் என்று தள்ளி வைத்தது.
மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவள் நான்.
அந்தக் கட்டுக்கு மணி இல்லை, காசும் இல்லை.
நிஜம்தான்.
எனக்கே சொல்லிப் பார்த்தேன்;
லாரியின் நாற்றம் போல
பாதி ஜன்னலை மூடியும் நிற்கவில்லை.

சூலூர் தாண்டியபிறகுதான்
கூட்டத்தைப் பிளந்து வருகிறார் கண்டக்டர்.
"சில்லறை இல்லீங், எறங்கறப்ப வாங்கிக்குங்க."
டிக்கெட்டின் முதுகில்
என்னவோ ஒரு எண்ணைக் கிறுக்கித் தருகிறார்.

சிங்காநல்லூரில்
முதுகுகள் தள்ளிய வேகத்தில் இறங்கிவிட்டேன்.
கேட்க மறந்து நிற்கையில்
பஸ் சிக்னல் தாண்டிப் போயிருந்தது.

கையில் டிக்கெட்,
சீட்டுகளோடு சீட்டாக.
இப்போது ஐம்பத்தொன்பது.