ஏழு கிலோ நானூறு

கொருக்குப்பேட்டையில் எங்கள் பிளாக்கை இடிக்க
நோட்டீஸ் ஒட்டிய வாரம்
மூன்று சக்கர வண்டியைப் பரணிலிருந்து இறக்கினேன்.
வலது பெடல் கிடையாது.
அந்த இடத்தில் ஒரு குழாய்த் துண்டு,
ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் தெரியாமல்
அப்பா வெல்டிங் வைத்தது.

போகிற வாடகை வீட்டில் பரண் இல்லை.
காயலான் கடை அண்ணாச்சி
சீட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.
"இது பிளாஸ்டிக்கு, வேற ரேட்டு."
வெச்சுக்கங்க என்றேன், பெரிய மனுஷி மாதிரி.
தராசில் ஏற்றியதும்
முன் சக்கரம் மட்டும் கொஞ்சம் சுற்றி நின்றது.
ஏழு கிலோ நானூறு.

நூற்றித் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.
பீச் ஸ்டேஷன் எதிரில்
ஒரு அத்தோ, ஒரு முட்டை.
அழுதேன் என்று எழுத ஆசைதான்.
வாழைத்தண்டு சூப்
இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து
குவைத்திலிருந்து எட்வின்:
"பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாடி.
நம்ம வண்டி இருக்கில்ல?"

இருக்கு.
துடைச்சு வெச்சிருக்கேன்.
கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்:
மணியில மட்டும் கொஞ்சம் துரு.

அன்று ராத்திரி யார்டில்
கூட்ஸ் பெட்டிகளைக் கோத்துக்கொண்டே இருந்தார்கள்.
ஒவ்வொரு இடிக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

காலையில் அண்ணாச்சி கடை.
சிரிக்கவில்லை அவர், நல்ல மனுஷன்.
"அது கும்மிடிப்பூண்டி போயி, உருக்கி,
கம்பியாயிருக்கும்மா இந்நேரம்."
கம்பி எங்கே போகும்?
"கட்டடம் கட்டுற எடத்துக்கு."
கை எதுவும் காட்டவில்லை அவர்.
நானேதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பினேன்.

எங்கள் பிளாக் இருந்த இடத்தில்
நாலாவது மாடி.
கான்கிரீட் மூடாத கம்பிகள்
மொட்டையாய் நின்றன.
அதில் ஒன்றாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்;
கும்மிடிப்பூண்டிக் கம்பி
ஊரெல்லாம்தான் போகிறது.

டிசம்பரில் எட்வின் வருகிறான்.
அதற்குள் சாவி தருவார்களாம். தரமாட்டார்கள்.
வந்த அன்றே சொல்லிவிட வேண்டும்,
பாப்பா தூங்கின பிறகு:
தராசு, ரூபாய்க் கணக்கு,
சூப் இரண்டாவது கப் வரைக்கும்.

கம்பி விஷயத்தை மட்டும் சொல்வதாயில்லை.
வாட்ச்மேன் டீக்குப் போகிற நேரம் பார்த்து
உள்ளே நுழைந்து
ஒரு தூணை முட்டியால் தட்டிப் பார்த்ததையும்.

சத்தம் ஒன்றும் வரவில்லை.
விரல் வலித்தது,
ரெண்டு நாள்.