சரிவுப் பலகை

நான்கு சென்டிமீட்டர் என்கிறாள் தூருன்,
கையுறையைக் கழற்றியபடி.
மயக்க மருத்துவர் இந்த நிமிடம் சும்மா இருக்கிறார்.
அரங்கில் இன்னொருத்தியைத் தயார்செய்கிறார்கள்;
உள்ளே போனால், வெளியே வர இரண்டு மணி நேரம்.
"இப்போதா, பிறகா?"

பதினோரு வருடமாய் பூடோ துறையில்
கார்களைப் படகுக்குள் ஏற்றிவிடுகிறவள் நான்.
பலகை உயரத் தொடங்கும்போது
கண்ணாடியை இறக்கி
யோசிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

இந்த வலி தாங்கக்கூடியதுதான்.
அடுத்தது எப்படியென்று தெரியாது.
தெரியாத ஒன்றுக்கு
முன்கூட்டியே முதுகைக் கொடுப்பதா?
ஐவின் என் முகத்தையே பார்க்கிறான்.
அங்கே விடை இருந்தால்
எனக்கும் சொல்லட்டும்.

அதற்குள் வந்துவிட்டது.
யாரையும் கூப்பிடவில்லை;
கட்டில் கம்பியைத்தான் திட்டினேன்,
துறையில்கூடச் சொல்லாத வார்த்தைகளில்.
மூச்சு திரும்பியதும் சொன்னேன்:
இப்போது.

தூருன் ஓடுகிறாள்.
ஜன்னலுக்கு வெளியே, பனித்தூறலுக்குள்,
மொஸ்கெனஸ் படகு சங்கூதுகிறது.
யார் ஏற்றிவிட்டார்களோ இன்று.

கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து
காது கொடுக்கிறேன்:
தாழ்வாரத்தில் போனது
ஒரு ஜோடிக் கால்.
திரும்பி வருவது
எத்தனை?